நான் சூசன் இல்லை என்பதற்கான சான்று

"அப்போ வாங்கினது யாரு?"

"உம்மு ஸியாத்."

"அது பேர் இல்லம்மா. ஸியாதோட அம்மான்னுதான் அதுக்கு அர்த்தம். எனக்கு அவங்க சொந்தப் பேர் வேணும்."

"ஊரே அவங்கள அப்படித்தான் கூப்பிடுது, இன்ஜினியர் சார். புள்ளை பெத்தவங்கள பேர் சொல்லிக் கூப்பிட்டா மரியாதையாவா இருக்கும்?"

"சரி விடுங்க. போன் நம்பர்?"

"வீட்டுக்காரரோடது."

"ஈமெயில்?"

"அக்கா மகனோடது. அவன் குவைத்துக்குப் போயிட்டான். பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாமப் போயிட்டான்."

"முகவரியாவது இருக்கா?"

"ஓ, நல்லா இருக்கே. துக்துக் ஆட்டோ நிக்கிற இடத்துலேருந்து மூணாவது சந்து, மருந்துக்கடைக்கு எதிர்ல, நீலக் கதவு. தட்ட வேணாம். கீழே நின்னு குரல் குடுத்தா பால்கனியிலேருந்து கூடையை இறக்குவாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "விளம்பரத்தைப் பார்த்தது?"

"கல்யாணப் பொண்ணு."

"பணம் குடுத்தது?"

"பொண்ணோட தாய்மாமா."

"ஆக, ஒரு பெட்ஷீட்டை அஞ்சு பேர் சேர்ந்து வாங்கியிருக்காங்க."

"ஒண்ணு இல்ல சார், ஆறு. சீர்வரிசைக்கு."

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே விசைப்பலகையில் எதையோ தட்டினார். திரையைத் திருப்பி எனக்குக் காட்டினார். பத்துக்கு மூன்று புள்ளி நான்கு. சிவப்பு எழுத்து. பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு குறைவாக வாங்கியதில்லை.

"உங்க வாடிக்கையாளர்கள்ல ஒருத்தருக்குத்தான் எல்லாமே சரியா இருக்கு" என்றார். "'அப்பாவின் இளவரசி'ன்னு ஒருத்தங்க. நீல லேஸ் வச்ச வெள்ளை பெட்ஷீட். மூணு தடவை வாங்கியிருக்காங்க. போன், ஈமெயில், இதே தன்தாவுல முகவரி, எல்லாம் பக்கா. யார் இவங்க?"

"தெரியாது சார். ஆனா ஒரு தடவைகூட வாசல்ல பொட்டலத்தை வேணாம்னு சொன்னதில்ல. தங்கமானவங்க."

"இவங்கள மாதிரி இன்னும் ஆயிரம் பேரைப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

என் பெயர் இன்திஸார். மஹல்லாவில் 'வெண்பருத்தி' என்ற பெயரில் இணையக் கடை வைத்திருக்கிறேன். பெட்ஷீட், தலையணை உறை, துண்டு, எல்லாம் கல்யாணப் பெண்களுக்கு. என் கணவர் பெயர் மெத்வல்லி, மில்லில் தறி மெக்கானிக். மேலே நடந்த பேச்சு தன்தாவில், ஓர் அல்வாக் கடைக்கு மேலே நான்காவது மாடியில் இருக்கும் மெய்விற்பனை மன்றத்தில் நடந்தது. என்னோடு பேசியவர் இன்ஜினியர் ஷிஹாதா. அவர் என்ன இன்ஜினியர் என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

மன்றம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் ஒரு பெண் விளம்பரத்தைத் தட்டி எங்கள் கடைக்கு வந்து எதையாவது வாங்கினால், அவளுடைய போனே ரகசியமாக விளம்பர நிறுவனத்துக்குச் சொல்லிவிடும். பிறகு போன்களுக்கு மானம் ரோஷம் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டன. விளம்பர நிறுவனம் கடல்களுக்கு அப்பால் எங்கோ கவலையோடு உட்கார்ந்திருந்தது. தன்னால்தான் விற்றது என்று தெரியாவிட்டால் அதற்குத் தூக்கம் வராதாம். ஆகவே கடைக்காரர்களே தங்கள் சர்வரிலிருந்து நேராக அறிக்கை அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடானது. இன்னார் வாங்கினார் என்று எழுதி, அந்தப் பெயரையும் நம்பரையும் மாவாக அரைத்து அனுப்ப வேண்டும். மாவிலிருந்து யாரும் திரும்பக் கோதுமையை எடுக்க முடியாது. ஆனால் அங்கேயும் அதே கோதுமையை அரைத்து வைத்திருப்பார்கள், இரண்டு மாவையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எத்தனை மாவு ஒத்துப்போகிறது என்பதுதான் மதிப்பெண். மதிப்பெண் குறைந்தால், உங்கள் விளம்பரம் யார் கண்ணில் பட வேண்டும் என்று நிறுவனத்துக்குத் தெரியாது. அது பிரம்மச்சாரிகளுக்கும் மீனவர்களுக்கும் பெட்ஷீட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். டெல்டா மாவட்டங்களில் இந்த மதிப்பெண்ணைச் சரிபார்த்துச் சான்று கொடுக்கும் உரிமை மெய்விற்பனை மன்றத்துக்கு வழங்கப்பட்டிருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியாமலே நான் இரண்டு வருடம் நன்றாகத்தான் விற்றுக்கொண்டிருந்தேன். சூசன் தன் சான்றை மாடிப்படியில் மாட்டும் வரை.

சூசன் என் ஓரகத்தி. என் கணவரின் தம்பி ஃபத்ஹியின் மனைவி. எங்களுடையது குடும்ப வீடு. முதல் மாடியில் மாமியார், இரண்டாவதில் சூசன், மூன்றாவதில் நான். நான் 'வெண்பருத்தி' தொடங்கி ஐந்து மாதத்தில் அவள் 'தூயபருத்தி' தொடங்கினாள். பெயரைப் பற்றிக் கேட்டபோது, "அய்யோ அக்கா, பருத்தி என்ன உங்க அப்பா வீட்டுச் சொத்தா?" என்று சிரித்தாள். அவள் சிரிக்கும்போது கன்னத்தில் குழி விழும். எனக்கு விழாது.

பொறாமை எனக்குப் புதிதல்ல. அவள் திரைச்சீலை மாற்றினால் எனக்கு என் ஜன்னல் வலிக்கும். அவள் மொலோகியாக் கீரை சமைத்தால் பூண்டு தாளிக்கும் வாசனை படியேறி வந்து, என் அடுப்பில் கொதிப்பதைக் கேவலமாகப் பார்க்கும். ஆனால் பொறாமை ஓர் எண்ணாக வந்தது அதுதான் முதல் தடவை. சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, ஓரத்தில் பிளாஸ்டிக் ரோஜா சுற்றி, இரண்டாவது மாடி நடையில் ஆணியடித்து மாட்டியிருந்தாள். பத்துக்கு ஒன்பது புள்ளி ஒன்று. கீழே மன்றத்தின் முத்திரை. அரசாங்க முத்திரையில் இருக்கும் கழுகைப் போலவே இருக்கும், ஆனால் நெருங்கிப் பார்த்தால் புறா.

காய்கறி வாங்கப் போகும்போதும் வரும்போதும் நான் அதைக் கடக்க வேண்டும். ஒன்பது புள்ளி ஒன்று. கீழே இறங்கும்போது ஒருமுறை, ஏறும்போது ஒருமுறை. கொத்தமல்லியை மறந்துவிட்டால் இன்னும் இரண்டு முறை.

"போய் நீயும் ஒண்ணு வாங்கிட்டு வாயேன்" என்றார் மெத்வல்லி. "வீட்டுல நிம்மதியா டீ குடிக்க முடியல."

அப்படித்தான் நான் தன்தாவுக்கு மைக்ரோபஸ் ஏறினேன். அப்படித்தான் மூன்று புள்ளி நான்கு வாங்கினேன்.

குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களுக்கு மன்றம் ஒரு வகுப்பு நடத்தியது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தோம். மன்றத் தலைவர் டாக்டர் நபவி மேடை ஏறினார். வெள்ளைத் தலைமுடி, அதே வெள்ளையில் சட்டை, பேசும்போது கண்களை மூடிக்கொள்வார்.

"விற்பனை என்றால் என்ன?" என்று கேட்டார். அவரே பதிலும் சொன்னார். "ஒருவர் பொருளைக் கொடுக்கிறார், இன்னொருவர் பணத்தைக் கொடுக்கிறார். இதையா விற்பனை என்கிறீர்கள்? அது வெறும் சம்பவம். சந்தையில் கழுதைகூட அதைப் பார்த்திருக்கிறது. விற்பனை என்பது நடப்பதல்ல, அறிவிக்கப்படுவது. அறிவிக்கப்படாத விற்பனை வதந்தி. நீங்கள் இத்தனை ஆண்டுகள் வதந்தி வியாபாரம் செய்துகொண்டிருந்தீர்கள்!"

கைதட்டினோம். எனக்கே என் இரண்டு வருடத்தை நினைத்து வெட்கமாக இருந்தது.

பிறகு ஷிஹாதா கேள்விகளுக்குப் பதில் சொன்னார். நான் கையைத் தூக்கினேன்.

"சார், எங்க பக்கம் எல்லாம் வாசல்ல பணம்தான். பொட்டலம் போனதும் பிரிச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, எதிர் வீட்டம்மாவையும் கூப்பிட்டுக் காட்டி, அப்புறம்தான் வாங்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க. நான் எப்போ அறிக்கை அனுப்பணும்?"

"ஆர்டர் போட்ட அந்த நிமிஷமே."

"அப்போ அவங்க இன்னும் வாங்கலையே சார்."

"வாங்கிட்டாங்கம்மா. அவங்களுக்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான்."

"வாசல்ல வேணாம்னு திருப்பி அனுப்பிட்டா?"

ஷிஹாதா மேடையைப் பார்த்தார். டாக்டர் நபவி கண்ணை மூடியபடியே சொன்னார்: "அது வாழ்க்கையின் பிரச்சினை. அளவீட்டின் பிரச்சினை அல்ல."

மதிப்பெண்ணை உயர்த்த எங்களுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொந்தப் பெயர், குடும்பப் பெயர், ஈமெயில், பிறந்த தேதி எல்லாம் கேட்டு வாங்க வேண்டும். நான் வீட்டுக்கு வந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.

"பிறந்த தேதியா? யாரோடது, என் பொண்ணோடதா?" என்றாள் ஸம்மன்னூதிலிருந்து ஒரு தாய். குரல் திடீரென்று தேனாகிவிட்டது. "கேளும்மா கேளு. ஏன், உன் வீட்டுல பையன் இருக்கானா?"

"இல்லம்மா, இது சர்வருக்கு."

"அவரு யாரு? என்ன வேலை பாக்குறாரு? சொந்த வீடு இருக்கா?"

இரண்டு நாளில் நான்கு தாய்மார்கள் தங்கள் பெண்களின் புகைப்படங்களை அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவது ஒருத்தி பாஸ்பூசா இனிப்புத் தட்டோடு நேரிலேயே வந்துவிட்டாள்.

"நமக்குப் பையனே இல்லன்னு சொன்னியா?" என்றார் மெத்வல்லி, பாஸ்பூசாவை மென்றுகொண்டே.

"சொன்னேன். வீட்டுக்காரருக்குத் தம்பி இருக்கானான்னு கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

நான் ஒரு கணம் யோசித்தேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. ஃபத்ஹிக்கு இரண்டாவதாக ஒரு பெண் பார்ப்பது பற்றி, ஒரே ஒரு கணம், படியில் இறங்கும் ஒரு மனிதப் பிறவி யோசிக்கக்கூடிய அளவு மட்டும். பிறகு, "ஏற்கனவே கட்டிக்கிட்டான்னு சொன்னேன்" என்றேன்.

என் மதிப்பெண் ஆறு புள்ளி இரண்டு ஆனது. தற்காலிகச் சான்று ஒன்று கொடுத்தார்கள், மெல்லிய தாளில். அதை மெத்வல்லியிடம் கொடுத்து, சூசனின் சான்றுக்குச் சரியாக இரண்டு படி மேலே, என் மாடிக்குத் திரும்பும் இடத்தில் மாட்டச் சொன்னேன். எண்ணில் கீழே இருந்தாலும் உயரத்தில் மேலே.

மறுநாள் பகலில் கீழே இறங்கினால், சூசன் தன் சட்டத்தைச் சுற்றிப் பெருநாள் விளக்குச் சரம் போட்டிருந்தாள். அணைந்து அணைந்து எரிந்தது. ஒன்பது புள்ளி ஒன்று, இருட்டு, ஒன்பது புள்ளி ஒன்று, இருட்டு.

"வாழ்த்துகள் அக்கா" என்றாள் வாசலில் நின்று. "ஆறு வாங்குறதே பெரிய விஷயம், இல்ல?"

"உன் விளக்கு கண்ணைக் கூசுது, சூசன்."

"பழகிடும் அக்கா."

கன்னத்தில் குழி.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த வியாழக்கிழமையிலிருந்து எங்கள் பக்கம் கல்யாணக் காலம். வருடத்தின் பாதி விற்பனை அந்த ஆறு வாரத்தில்தான். அதற்காகத் தலையணை உறைகள் தைத்து, மடித்து, படுக்கையறை அலமாரி மூடாத அளவுக்கு அடுக்கி வைத்திருந்தேன். மெத்வல்லியின் சட்டைகள் சமையலறைக்குக் குடிபெயர்ந்திருந்தன. இந்தக் காலத்தில் என் விளம்பரம் சரியான ஆட்களைப் போய்ச் சேராவிட்டால், அந்த உறைகளில் அடுத்த வருடம் வரை நாங்கள்தான் தலை வைத்துப் படுக்க வேண்டும்.

பெருநாளுக்கு முந்தைய ஞாயிறு மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. 'வாழ்த்துகள்' என்று ஆரம்பித்தது. மன்றத்தின் கடிதங்களில் எனக்குத் தெரிந்தவரை நல்ல செய்தி எதுவும் அப்படி ஆரம்பித்ததில்லை.

'இரட்டை நீக்க வாரத்தில் தங்கள் கடை ஆராயப்பட்டது. வெண்பருத்தி, தூயபருத்தி ஆகிய இரண்டும் ஒரே நபரின் இரட்டை அறிக்கைகள் என்று கண்டறியப்பட்டு, மதிப்பெண் குறைந்த பிரதி நீக்கப்படுகிறது. இனித் தங்கள் விற்பனைகள் தங்கள் பெயரிலேயே, அதாவது சூசன் என்ற பெயரில், பதிவாகும். ஒன்றானதற்கு மகிழ்கிறோம்.'

இரட்டை நீக்கம் என்பது உண்மையில் நியாயமான விஷயம்தான். ஒரே விற்பனையை வாங்குபவரின் போனும் சொல்கிறது, கடையின் சர்வரும் சொல்கிறது. அப்போது அதை இரண்டாக எண்ணிவிடக் கூடாது, ஒன்றைத் தள்ளிவிட வேண்டும். ஷிஹாதா அதை வகுப்பில் அழகாக விளக்கினார். தள்ளப்படும் அந்த ஒன்று நானாக இருப்பேன் என்று மட்டும் சொல்லவில்லை.

என் போனில் என் விளம்பரத்தையே தேடிப் பிடித்துத் தட்டினேன். நீல லேஸ் வைத்த என் பெட்ஷீட், நான் எடுத்த புகைப்படம், என் ஜன்னல் வெளிச்சம். தட்டினால் 'தூயபருத்தி' திறந்தது. படியில் இறங்கிப் போய்ப் பார்த்தேன். சட்டத்துக்குள் புதுத் தாள். ஒன்பது புள்ளி ஆறு.

அந்தப் புள்ளி ஐந்து என்னுடையது. உம்மு ஸியாதின் நீலக் கதவும், ஸம்மன்னூத் பெண்ணின் பிறந்த தேதியும், பாஸ்பூசாக்காரியின் ஈமெயிலும் அந்தப் புள்ளி ஐந்துக்குள் அரைபட்டுக் கிடந்தன.

திங்கட்கிழமை காலை மன்றத்தில் இருந்தேன். அடையாள அட்டை, அதன் நகல், கல்யாண ஒப்பந்தம், அதன் நகல். நகல் எடுக்கும் கடையும் அதே கட்டடத்தில்தான், அதுவும் மன்றத்தினுடையதுதான்.

டாக்டர் நபவியும் ஷிஹாதாவும் ஒரு நீள மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் அட்டையை நீட்டினேன்.

"இதுல என் போட்டோ இருக்கு சார். நான் இன்திஸார். சூசன் வேற. அவ என்னைவிட நாலு வயசு சின்னவ, அரை முழம் உயரம் ஜாஸ்தி."

"அட்டை மனுஷங்களுக்கும்மா" என்றார் ஷிஹாதா கனிவாக. "சர்வர் அட்டை பாக்காது. ஆதாரத்தைப் பாப்போம். நீங்க இருக்குறது எந்த வீடு?"

"அவ இருக்குற வீடுதான். ஆனா மாடி வேற."

"எங்க கணக்குல மாடி கிடையாது. இணையம்?"

"ஒரே ரவுட்டர்தான். என் வீட்டுக்காரர் ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல மாட்டினார். செலவை அண்ணன் தம்பி பாதிப் பாதி போட்டுக்கிட்டாங்க."

"கணவரோட அப்பா பேர்?"

"ஒண்ணுதான்."

"தாத்தா பேர்?"

"ஒண்ணுதான் சார், அண்ணன் தம்பிக்குத் தாத்தா வேறயாவா இருப்பார்?"

"துணி எங்கேருந்து?"

"ஒரே மில்லு."

"டெலிவரி?"

"ஒரே பைக் டெலிவரிக்காரர். அவர் முதல்ல அவ வீட்டுக் கதவைத் தட்டுவாரு, அது வேற விஷயம்."

ஷிஹாதா ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டார். பிறகு ஒரு தாளை மேலே எடுத்து வைத்தார். அவர் முகத்தில் ஒரு மருத்துவரின் வருத்தம் தெரிந்தது.

"இதெல்லாம்கூடத் தற்செயல்னு விட்டுடலாம்மா. ஆனா இது. உலகத்துலயே தூயபருத்திக் கடையை அதிகம் பாக்குறது யார் தெரியுமா? நீங்க. ஒரு நாளைக்கு நாப்பது தடவை. விலை மாத்தினா ஒரு நிமிஷத்துல வந்து பாக்குறீங்க."

"அது... வேவு பாக்குறதுக்கு சார்."

"எங்கள் துறையில் அதற்கு விசுவாசம் என்று பெயர்" என்றார் டாக்டர் நபவி.

"அதை விடுங்க" என்றார் ஷிஹாதா. "வெண்பருத்திக் கடையை அதிகம் பாக்குறது யார்?"

அவரே தாளைப் பார்த்துப் படித்தார்.

"சூசன். நாப்பத்திரண்டு தடவை. நீங்க புதுப் படம் போட்டதும் அவங்க வர்றாங்க. அவங்க போனதும் நீங்க அங்க போறீங்க. அவங்க இங்க, நீங்க அங்க, திரும்ப அவங்க இங்க. ரெண்டு பேர் இப்படி நடந்துக்க மாட்டாங்கம்மா. இது ஒரே ஆள், தன்னோட ரெண்டு கடைக்கும் மாறி மாறிப் போய் வர்றது."

"இவ்வளவு ஆர்வத்தோடு ஓர் உயிர் இன்னோர் உயிரைக் கவனிக்க முடியாது" என்றார் டாக்டர் நபவி. "நான் முப்பது வருடம் கல்யாணமானவன். எனக்குத் தெரியும்."

ஷிஹாதா கடைசித் தாளைத் திருப்பினார். "இன்னொண்ணு. அந்த 'அப்பாவின் இளவரசி'. அந்த ஈமெயில் மாவும் தூயபருத்தி உரிமையாளரோட மாவும் ஒண்ணுதான். தன்தா முகவரி அவங்க தங்கை வீடு. நீல லேஸ் வச்சது, மூணு. அதாவது உங்க கடையில நீங்களே வாங்கி உங்க மதிப்பெண்ணை நீங்களே ஏத்தியிருக்கீங்க. இது பெரிய குத்தம். ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுன்னு ஆயிட்டதால மன்னிச்சுட்டோம்."

நானும் அவள் துணியை ஒரு தடவை வரவழைத்திருக்கிறேன். ஸம்மன்னூதில் என் சிநேகிதி வீட்டு வாசலில். பொட்டலத்தைப் பிரித்து, தையலை நகத்தால் கீறிப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "தையல் சரியில்ல" என்று டெலிவரிக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தையல் சரியாகத்தான் இருந்தது. அவ்வளவு சரியாக இருந்ததால் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளோ மூன்று தடவை வாங்கியிருக்கிறாள். வாசலில் ஒருமுறைகூடத் திருப்பவில்லை.

"நான் அவ இல்ல சார்" என்றேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. "நான் அவளா இருந்திருந்தா எனக்கு ஏன் இவ்வளவு வயித்தெரிச்சல்?"

டாக்டர் நபவி முதல் முறையாகக் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு கட்டம் படிவத்தில் இல்லை.

"வழி இருக்கு" என்றார் ஷிஹாதா. மேஜையின் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "ஒன்பதாம் படிவம். நீக்கப்பட்ட பிரதி தனி ஆள்னு, நீக்கப்படாத பிரதி எழுதிக் கையெழுத்துப் போடணும். புதன்கிழமை அலுவலகம் மூடுறதுக்குள்ள. இல்லன்னா கல்யாணக் காலம் முடியுற வரைக்கும் நீங்க சூசன்தான்."

"அவ போடணுமா? நான் போட முடியாதா?"

"நீங்கதான் இல்லையேம்மா" என்றார்.

நகல் எடுக்கச் சொல்லிக் கீழே அனுப்பினார்கள். மூன்று நகல்.

மைக்ரோபஸ் மஹல்லாவை நோக்கி ஓடியது. ஜன்னலுக்கு வெளியே பருத்தி வயல்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் தூங்கித் தூங்கி என் தோளில் சாய்ந்தாள். நான் அந்தத் தாளை மடியில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். 'மேற்படி நபர் என்னிலிருந்து வேறானவர் என்றும், அவருக்கெனத் தனி வாடிக்கையாளர்கள் உள்ளனர் என்றும், அவர் இருக்கிறார் என்றும் இதனால் உறுதியளிக்கிறேன்.' திருமணத்தில்கூட யாரும் எனக்காக இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொன்னதில்லை. இதைச் சூசன் ஏன் சொல்ல வேண்டும்? நான் அவள் இடத்தில் இருந்தால் சொல்வேனா? என்னுடைய ஆறு வாரமும், என்னுடைய நீலக் கதவுகளும், அவளுக்கு ஒரு விரல்கூட அசைக்காமல் கிடைத்திருக்கின்றன. அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ஒன்றும் செய்யாமல் இருப்பது. நானாக இருந்தால் பேனாவை ஒளித்து வைத்திருப்பேன். மன்றம் சொல்வது உண்மையாக இருந்தால், நான் ஒளித்தால் அவளும் ஒளிப்பாள்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. முதல் மாடியில் மாமியார் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது மாடி நடையில் விளக்குச் சரம் அணைந்து அணைந்து எரிந்தது. ஒன்பது புள்ளி ஆறு. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அதைத் தாண்டிப் போகாமல் நின்றேன்.

கதவைத் தட்டினேன். சூசன் திறந்தாள். இரண்டு கையிலும் அரிசியும் தக்காளியும் ஒட்டியிருந்தன. மேஜையில் அரிசி வைத்து உருட்டும் திராட்சை இலைகள் விரிந்து கிடந்தன, பாதி உருட்டியும் உருட்டாமலும். இலைகளுக்கு நடுவே அவள் போன், திரை வெளிச்சமாக. அதில் நான் எடுத்த புகைப்படம்.

"அக்கா" என்றாள். கன்னத்தில் குழி விழவில்லை. "உங்க கடைக்கு என்னக்கா ஆச்சு? காலையிலேருந்து தட்டித் தட்டிப் பாக்குறேன். எப்படித் தட்டினாலும் என் கடைதான் வருது. நான் என்னையே எவ்வளவு நேரம்தான் பாக்குறது?"

அவளுக்குப் பின்னால் படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் நீல லேஸ் வைத்த வெள்ளை பெட்ஷீட் சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. துவைத்துத் துவைத்து லேஸ் கொஞ்சம் வெளுத்திருந்தது. நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். கதவைச் சாத்தக் கையை நீட்டினாள், கையில் அரிசி இருந்ததால் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

நான் தாளை அவள் பக்கம் நீட்டினேன். மூன்று நகலும் சேர்த்து.

"சூசன், கையைக் கழுவிட்டு வா. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுத் தர்றியா? நான் இருக்கேன்னு எழுதணும். அவ்வளவுதான். நான் இருக்கேன், நான் நீ இல்லன்னு."